பதிவாளர் நட்ட பரங்கி

ராக்குவின் இடது முழங்கால் வலிப்பது, பல்கலைக்கழக விடுதியில் சாப்பிட உட்கார்ந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தெரியவந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், கத்தரிக்காய்க் காரக்குழம்பின் முதல் கவளத்தில். யாரும் சொல்லித் தெரியவில்லை, எங்கும் படித்தும் தெரியவில்லை. வாயில் வைத்ததும் உப்பு தெரிவது போல, புளி தெரிவது போல, இந்தக் கத்தரியை நட்டவள் பெயர் ராக்கு, வாரிய வீடுகளில் நாலாவது பிளாக், மூன்றாவது மாடி, இன்றைக்குக் காலையில் ஒரு டம்ளர் வரக்காப்பியோடு படியிறங்கி வந்தாள், ஒவ்வொரு படிக்கும் இடது முட்டியில் ஊசி ஏறி இறங்கியது என்று அத்தனையும் தெரிந்தது. இயற்பியல் படிக்கிற ஒருவன் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டுத் தைலம் வாங்கப் போனான். மெஸ் மாஸ்டர் அண்டாவை எட்டிப் பார்த்தார், உப்பு ஒரு கல் தூக்கல் என்பதைத் தவிர வேறு குறை தெரியவில்லை, அடுத்த பந்திக்குக் கரண்டியை எடுத்தார்.

அந்தக் கத்தரி விளைந்த ரெண்டு ஏக்கர், பல்கலைக்கழகத்தின் பின்பக்க மதிலுக்கு உள்ளே முப்பது வருஷமாகச் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்த நிலம். மதிலுக்கு வெளியே குடிசை மாற்று வாரியம் கட்டிய வீடுகள். ஆற்றங்கரையில் குடிசை போட்டிருந்த ஐந்நூறு குடும்பங்களுக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் தகவல் சொல்லி, சனிக்கிழமை விடிந்ததும் லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கிய இடம். மதிலில் ஒரு பின்வாசல் உண்டு, அதற்கொரு பூட்டு உண்டு, சாவி எங்கே என்று கேட்டால் ஒவ்வொரு பிரிவும் அடுத்த பிரிவைக் கைகாட்டும். தாவரவியல் துறைப் பேராசிரியை ஜெசிந்தா, ஊர் வரியில் நடக்கிற பல்கலைக்கழகம் ஊருக்கு ஆகாத முள்ளுக்காட்டை வைத்துக்கொண்டு வருஷா வருஷம் சமூக நீதிக் கருத்தரங்கம் நடத்துவது தனக்கு வெட்கமாக இருக்கிறது என்று கடிதம் எழுதினார். எழுதி, அலைந்து, மேலும் எழுதி, வாரிய வீட்டுப் பெண்கள் நாற்பது பேர் அந்த நிலத்தில் காய்கறி போடலாம், மண் பரிசோதனையும் நாற்றும் துறை கொடுக்கும், விளைச்சலில் பாதி அவர்கள் வீட்டுக்கு, பாதி விடுதிக்கு என்று அனுமதி வாங்கினார். அனுமதி ஒரு வருஷத்துக்கு. வருஷம் முடிந்தால் மறுபடி கேட்க வேண்டும்.

அதைக் கேட்டதும் வாரிய வீட்டு வெள்ளத்தாயிக்குச் சுருக்கென்றது.

"ஒரு வருசமா? முள்ளை வெட்டி, வேரைப் பிடுங்கி, மண்ணு மண்ணா ஆகறதுக்கே எட்டு மாசம் ஆகும் டீச்சரம்மா. நாங்க மண்ணாக்கிக் குடுப்போம், அப்புறம் யாரு வந்து உக்காருவா?"

"புதுப்பிச்சிருவாங்க வெள்ளத்தாயிம்மா. நான் பேசறேன்."

"நீங்க பேசுவீங்க. கேக்கறவன் காது யாருக்குச் சொந்தம்?"

ஐம்பத்து மூன்று வயது வெள்ளத்தாயி பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்கியது மழைக்கு மட்டும்தான். பன்னிரண்டு வயசில் வாரச்சந்தையில் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனவள். தரகர்கள் துண்டுக்கடியில் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பத்து வருஷம் பார்த்தவள். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, மூன்றைச் சேர்த்துப் பிடித்தால் மூன்று, உள்ளங்கையைச் சுரண்டினால் பாதி. வாய் திறக்கக் கூடாது, முகத்தில் ஒன்றும் தெரியக் கூடாது. இவள் முதன்முதலில் துண்டைப் போட்டுக் கையை நீட்டியபோது, ஒரு பொம்பளை, அதுவும் இந்தத் தெருக்காரி, இவள் கையைத் தொட்டு வியாபாரமா என்று சந்தையே சிரித்தது. நீட்டிய கையை இவள் மடக்கவில்லை. மத்தியானம் வரைக்கும் நீட்டிக்கொண்டே நின்றாள், ஒரு வண்டிக்காரனுக்கு அவசரமாக மாடு தேவைப்படும் வரைக்கும். அதற்கப்புறம் இருபத்தைந்து வருஷம் அந்தச் சந்தையில் இவள் விரலைப் பிடிக்காமல் நல்ல மாடு கைமாறியது கிடையாது. கோபக்காரி என்று பேர், ஆனால் துண்டுக்கடியில் இவள் கை ஒரு நாளும் நடுங்கியதில்லை.

அப்பேர்ப்பட்டவள் வீடு வீடாகப் போய், "என்னை நம்பி வாங்கடி, இந்த மண்ணை விட்டு நம்மள யாரும் கிளப்ப முடியாது" என்று சொன்னதால்தான் நாற்பது பேரும் முள்வெட்ட வந்தார்கள். ஒரு தடவை லாரியில் ஏற்றப்பட்டவர்கள் இரண்டாம் தடவை ஒரு வார்த்தையை நம்பினார்கள். அந்த வார்த்தை அவளுடையது. நம்பிக் கெட்டார்கள் என்று ஆனால், அந்தப் படிகளில் அவள் எந்த முகத்தோடு ஏறுவாள்?

தொடக்க விழாவுக்குப் பதிவாளர் தெய்வசிகாமணி வந்தார். துணைவேந்தர் நாற்காலி ரெண்டு வருஷமாகக் காலி, அதனால் பதிவாளர் சொல்தான் கடைசிச் சொல். விழா என்றால் பெரியவர்கள் ஒரு கன்று நட வேண்டும், போட்டோ எடுக்க வேண்டும், அது வழக்கம். மாலையும் கழுத்துமாகக் குனிந்து ஒரு பரங்கி நாற்றைக் குழியில் வைத்தார், கை கழுவினார், காரில் ஏறினார். அந்தக் குழிக்கு முன்னால் 'மாண்பமை பதிவாளர் அவர்களால் நடப்பட்டது' என்று பலகை நட்டார்கள். பலகை இருந்த காரணத்தால் அந்தக் கொடிக்குப் பெண்கள் முறைவைத்துத் தண்ணீர் ஊற்றினார்கள், பூச்சி பொறுக்கினார்கள், அது ஒரே ஒரு காயை ஆட்டுக்குட்டி கனத்துக்குக் காய்த்துவிட்டு வாடியது. நட்டவர் கையில் முதல் காயைக் கொடுப்பதுதான் மரியாதை என்று தலைச்சுமையாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். "அப்புறம் பார்க்கலாம், வைங்க" என்றார் பதிவாளர், வைக்க இடம் சொல்லவில்லை, காவலாளி வாசலோடு திருப்பி அனுப்பினார். தோட்டத்துக் கொட்டகை மூலையில் சும்மாடு சுற்றி, அதன்மேல் உட்கார வைத்தார்கள். அடுத்தவர் காயை அறுக்கக் கூடாது என்று யாரும் தொடவில்லை. நாற்பது பேரில் காளியம்மாள் மட்டும் வெள்ளிக்கிழமைதோறும் அதற்கு ஒரு பொட்டு வைத்தாள்.

இதற்கிடையில் விடுதிக்காரர்கள் பழகிவிட்டார்கள். மெஸ் பலகையில் 'சாதம், பருப்பு, வெண்டைக்காய் (காளியம்மாள்), ரசம்' என்று எழுதத் தொடங்கினார்கள். மண்ணை ஆராயக் குழு போட்டார்கள். கார அமில நிலை சரி, மணிச்சத்து கொஞ்சம் குறைவு, மேலும் ஆய்வு தேவை என்று அறிக்கை வந்தது. அந்த வீட்டுக் கதையெல்லாம் எங்களுக்கு எதற்கு என்று சிலர் மூன்று நாள் தயிர்ச்சோறு மட்டும் தின்றார்கள். நாலாம் நாள் கீரை மசியல் வாசம் அடித்தது, தட்டோடு வந்தார்கள். வாரிய வீட்டுப் பக்கம்தான் ரகளை. "எம் வீட்டுச் சண்டையெல்லாம் அந்தப் புள்ளைகளுக்குத் தெரியுதாம்டி!" என்று காளியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள், மறுநாள் அவள் புருஷன் டீக்கடைக்குப் போக, எதிரே வந்த அறுபது மாணவர்கள் ஒன்றும் பேசாமல் அவனையே பார்த்துக்கொண்டு நடக்க, அன்றோடு அவன் கை ஓங்குவதை நிறுத்தினான். நாலாவது பிளாக் ஆண்கள் அதற்கப்புறம், இந்த வாரம் யார் வீட்டுக் காய் விடுதிக்குப் போகிறது என்று விசாரித்துவிட்டுத்தான் வாய் திறந்தார்கள்.

வெள்ளத்தாயியின் கோபம் மட்டும் குறையவில்லை. ஒருநாள் விடுதியிலிருந்து ஒரு பெண்பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றது.

"அக்கா, உங்க எல்லாரைப் பத்தியும் எங்களுக்கு இப்பத் தெரியும்க்கா."

"தெரிஞ்சு?"

"மனசு கஷ்டமா இருக்குக்கா."

"மூணாம் மாடிக்குத் தண்ணி ஏறலைன்னு தெரிஞ்சுச்சுல்ல, ஏறிருச்சா? இந்தா இருக்கற வாசலைப் பூட்டி வச்சிருக்கானுக, ராக்கு நொண்டிக்கிட்டு ஊரைச் சுத்தி முன்வாசல் வழியா வர்றான்னு தெரிஞ்சுச்சுல்ல, தொறந்துருச்சா? நீ அழுதா அவ முட்டி சரியாகுமாத்தா? கண்ணைத் தொடச்சுட்டுக் களைக்கொத்தை எடு. அந்தக் கடைசிப் பாத்தி."

அந்தப் பிள்ளை களைக்கொத்தை எடுத்தது. மறுநாள் பதினொரு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தது.

வருஷம் முடியப் பத்து நாள் இருந்தது. புதுப்பிப்புக் கடிதம் வரவில்லை. வெள்ளத்தாயி மூன்று தடவை பதிவாளர் அறை வாசலில் காத்திருந்தாள். மூன்றாம் தடவை உள்ளே விட்டார்கள். அவர் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"ஃபைல் சுத்துல இருக்கும்மா."

"எத்தனை சுத்து சார்?"

"நடைமுறைன்னு ஒண்ணு இருக்கு."

"அந்த நடை எந்தப் பக்கம் போகுது? எங்க பக்கமா, எதுத்த பக்கமா?"

"போங்கம்மா, சொல்லி அனுப்பறேன்."

மேசை மேல் அவர் வீட்டிலிருந்து வந்த டிபன் கேரியர் இருந்தது. இந்த ஆள் விடுதிச் சாப்பாட்டை ஒருநாளும் வாயில் வைத்ததில்லை என்பது வளாகம் பூராவும் தெரிந்த சங்கதி. வெள்ளத்தாயி அந்தக் கேரியரை ஒரு பார்வை பார்த்தாள், வெயிலில் விடுவிடுவென்று நடந்தாள், கொட்டகைக்குள் புகுந்தாள், சும்மாட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த பரங்கியை இரண்டு கையாலும் தூக்கி வெளியே கொண்டுவந்து வைத்தாள்.

"அரிவாளைக் குடுடி ராக்கு."

"யக்கா, அது சாரோட காயி!"

"அதான் வேணும். அந்தாளு வாயைத் தொறக்க மாட்டேங்கறாரு. காயி தொறக்கட்டும்."

நாற்பது பேருக்கும் காணும்படி புளியும் வெல்லமும் போட்டுக் குழம்பு வைத்தார்கள். விதைகளை வெள்ளத்தாயி கழுவித் தனியாகத் துணியில் உலர வைத்தாள். கொட்டகை நிழலில் வரிசையாக உட்கார்ந்து, முதல் கவளத்தை எல்லாரும் ஒன்றாக வாயில் வைத்தார்கள், ஒன்றாக மென்றார்கள், ஒன்றாக நிறுத்தினார்கள்.

வரும் வியாழக்கிழமை ஆட்சிக்குழுக் கூட்டம். பதினேழாவது பொருள்: பின்பக்க ரெண்டு ஏக்கரில் மாநாட்டு அரங்கமும் கார் நிறுத்துமிடமும். பெண்களுக்குச் சொல்ல வேண்டிய தகவல் அதற்கு மறுநாள், வெள்ளிக்கிழமை, சாயங்காலம்.

"சனிக்கிழமை லாரியா?" என்றாள் காளியம்மாள் மெதுவாக.

வாய்க்குள் இன்னும் வந்துகொண்டிருந்தது. அந்த மனுஷர் காலையில் சர்க்கரை மாத்திரை விழுங்கியது. மேசை டிராயரில் இரண்டு குறிப்புகள் எழுதி வைத்திருப்பது: ஒன்று அரங்கம் வேண்டும் என்று, மற்றது நிலத்தைப் பெண்களுக்கே விட வேண்டும் என்று, இரண்டிலும் கையெழுத்து இல்லை. எதைப் போட்டாலும் யாராவது கோபித்துக்கொள்வார்கள் என்று அவருக்கு இரவெல்லாம் வயிற்றில் எரிச்சல். அதற்கும் அடியில், பரங்கியின் தித்திப்புக்கும் அடியில், ஒரு மாட்டுச் சந்தை. துண்டுக்கடியில் அப்பாவின் கையைப் பிடித்து விரல் கணக்குப் படிக்கிற ஒரு பையன். தரகன் மகன் என்று யாரிடமும் சொல்லாத பையன். தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, கட்டணமில்லாத சீட்டில், இதே பல்கலைக்கழகத்துக்குள் பின்வாசல் வழியாகத்தான் வந்தான். அப்போது அந்த வாசலுக்குப் பூட்டு இல்லை.

வெள்ளத்தாயி கையை உதறிக்கொண்டு எழுந்தாள். முகத்தில் வெயில் அடித்தது போல ஒரு தெளிச்சி.

"போஸ்டர் அடிச்சு ஒட்டிருவோம்க்கா, தரகன் மகன் இப்பத் தரகு பாக்கறாருன்னு" என்றாள் ராக்கு.

"வாயைக் கழுவு. எதிராளி மடியில என்ன இருக்குன்னு தெரிஞ்சதுக்கப்புறம் அதை ஊருக்குச் சொல்றவ வியாபாரியே இல்லை. நானும் அந்தச் சந்தைக்காரிதான். அது ஏச்சுப் பேச்சா?"

தகவல் கேட்டு ஓடிவந்த ஜெசிந்தாவுக்கு வேறு யோசனை இருந்தது. "வெள்ளத்தாயிம்மா, வியாழக்கிழமை ஆட்சிக்குழுவுக்கு மத்தியானச் சாப்பாடு நம்ம மெஸ்ஸுதான். நம்ம காயை வச்சே சமைக்கச் சொல்லிடறேன். சாப்பிட்டா உங்க கஷ்டமெல்லாம் அவங்களுக்குப் புரிஞ்சிரும்."

"ஐயோ, வேணாம் டீச்சரம்மா! கூட்டம் முடியற வரைக்கும் நம்ம காயி ஒரு துண்டு அவங்க வாயில படக் கூடாது. கடையில வாங்கிப் போடச் சொல்லுங்க."

"ஏன்?"

"கஷ்டம் தெரிஞ்சா ஐயோ பாவம்னு ரெண்டு வருசம் தருவான். அதோட விடாது, எதுக்குப் படிவேன்னு என் அடிமடியில இருக்கறதும் தெரிஞ்சு போகும். பேரத்துக்குப் போறவ அதைத் தட்டுல வச்சு நீட்டுவாளா?"

வியாழக்கிழமை, நீளமான மேசை, பன்னிரண்டு பேர், குளிர்ந்த அறை. பதினேழாவது பொருளுக்கு ஜெசிந்தா மண்ணின் விவரம் சொன்னார், விளைச்சல் சொன்னார், வாரிய வீட்டுக் குழந்தைகளின் எடை கூடியதைச் சொன்னார். மாநாட்டு அரங்கத்தில் ஆயிரம் நாற்காலி போடலாம் என்று ஒருவர் சொன்னார். பயனாளி சார்பாக மூன்று நிமிடம் பேசலாம் என்று வெள்ளத்தாயியை அழைத்தார்கள்.

"நான் பயனாளி இல்லைங்க. முள்ளை வெட்டி மண்ணைக் குடுத்தவ. உங்களுக்கு நாங்கதான் குடுத்திருக்கோம், அதைப் பேசத்தான் வந்தேன்" என்று சொல்லிக்கொண்டே அவள் மேசையைச் சுற்றிவந்து பதிவாளர் பக்கத்தில் நின்றாள். தோளில் கிடந்த துண்டை எடுத்தாள். உதறினாள். வலது கைமேல் போட்டு, கையை அவருக்கு முன்னால் நீட்டினாள்.

"ஒரு விரலு பத்து வருசம். பேசுங்க சார்."

அறையில் யாருக்கும் விளங்கவில்லை. பதிவாளருக்கு விளங்கியது. யாராவது சிரித்தால் இவரும் சிரித்து முடித்துவிடலாம் என்று சுற்றிப் பார்த்தார், யாரும் சிரிக்கவில்லை. நீட்டிய கையை அவள் மடக்கவில்லை. ஒரு நிமிடம் போனது, இரண்டு நிமிடம் போனது, மூன்றாவது நிமிடம் முடிந்து மணியடிக்க வேண்டியவர் மணியை மறந்துவிட்டார். சந்தையில் மத்தியானம் வரைக்கும் நின்ற கை அது. கடைசியில் நாற்பது வருஷமாகப் பேனாவைத் தவிர எதையும் பிடிக்காத ஒரு கை, மெல்ல, துண்டுக்கடியில் நுழைந்தது.

சில்லென்று இருந்தது. தடவித் தடவி வந்து அவளுடைய ஒரு விரலைப் பிடித்தது. அவள் உதறினாள். கொஞ்ச நேரம் கழித்து உள்ளங்கையில் ஒரு சுரண்டல் சேர்ந்தது: ஒன்றரை. அவள் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு விரல். கை இப்போது சூடாகியிருந்தது, பழைய சுறுசுறுப்பு திரும்பியிருந்தது, இரண்டைப் பிடித்து அழுத்தி, முடித்துக்கொள் என்று ஆட்டியது. அவள் முகத்தில் ஓர் இமை அசையவில்லை. அவர் கையைப் புரட்டி, தானே மூன்று விரலைப் பிடித்து நிறுத்தினாள். அவர் இழுத்தார். அவள் விடவில்லை. அரைமணி நேரம் போல நீண்ட அரை நிமிடத்துக்குப் பிறகு, பதிவாளர் தெய்வசிகாமணி, தரகர் மகன், சிறு வயதில் அப்பா செய்வது போலவே உதட்டைக் குவித்து ஒரு பெருமூச்சு விட்டுத் தலையை ஆட்டினார்.

"முப்பது வருசம்" என்றாள் வெள்ளத்தாயி சத்தமாக, கையை விடாமல். "பின்வாசலு தொறக்கணும். எங்களை வச்சு முடிவெடுக்கற கமிட்டியில பாதிப் பேரு நாங்க. அப்புறம், படிக்கிற புள்ளைக வந்து மண்ணுல எறங்கிப் படிக்கட்டும், இன்டர்னல் மார்க்குல பத்து மார்க்கு ராக்கு போடுவா."

"மார்க்கா?" என்றார் ஆயிரம் நாற்காலிக்காரர்.

"ஆமா. அவளுக்குத்தான் தெரியும், எவன் ஒழுங்காக் குனிஞ்சான்னு."

பதிவாளர் டிராயர் சாவியை உதவியாளரிடம் கொடுத்தார், இரண்டு குறிப்பில் ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார், அதில் வருஷத்தை எழுதினார், கையெழுத்துப் போட்டார். சிலர் முணுமுணுத்தார்கள். கையெழுத்துப் போட்டதும் வயிற்று எரிச்சல் அடங்கிவிட்டதை அவரே கவனித்து, கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். கூட்டக் குறிப்பு எழுதுபவர் தயங்கி, "இதை எப்படிப் பதியறது சார்?" என்று கேட்டார்.

"கை கலந்து முடிக்கப்பட்டதுன்னு எழுதுங்க."

பின்வாசல் பூட்டுக்குக் கடைசி வரைக்கும் சாவி கிடைக்கவில்லை, வெல்டிங்காரர் வந்து அறுத்தார். ராக்கு நாலே எட்டில் உள்ளே வந்தாள். மறுநாள் மத்தியானம், டிபன் கேரியர் இல்லாமல் பதிவாளர் விடுதிக்கு வந்து வரிசையில் நின்றார். பலகையில் 'அவரைக்காய்ப் பொரியல் (வெள்ளத்தாயி)' என்று எழுதியிருந்தது. உட்கார்ந்தார், பிசைந்தார், வாயில் வைத்தார், மென்றார். மெல்லுவதை நிறுத்தினார். பரங்கியை அறுத்தது தெரிந்தது. டிராயர் தெரிந்துபோனது தெரிந்தது. சந்தையில் நீட்டிய கையும் அன்றைய சிரிப்பும் தெரிந்தன. எல்லாவற்றுக்கும் மேலே, அவள் காலையிலிருந்து வெற்றிலை போல மென்றுகொண்டிருந்த ஒன்று தெரிந்தது.

எழுந்து நின்றுவிட்டார். "ஏம்மா! இருபதுக்கே படிஞ்சிருப்பீங்களா?"

முந்நூறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கீரைக்கட்டை இறக்கிக்கொண்டிருந்த வெள்ளத்தாயி நிமிர்ந்தாள்.

"கையெழுத்துப் போட்டாச்சுல்ல? உக்காந்து சாப்புடுங்க சார், பொரியல் ஆறுது."

அவர் உட்கார்ந்தார். முதலில் தோள் குலுங்கியது, அப்புறம்தான் அது சிரிப்பு என்று தெரிந்தது. இரண்டாம் தடவை பொரியல் கேட்டு வாங்கினார். கை கழுவிவிட்டு வரும்போது வெள்ளத்தாயி வழிமறித்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து, உலர்ந்த பரங்கி விதைகளைக் காட்டினாள்.

"இந்த வருசமும் நீங்கதான் நடணும்."

"போட்டோக்காரரை வரச் சொல்லவா?"

"எதுக்கு? அதான் காயி சொல்லுமே."

பின்வாசல் வழியாகக் காற்று வந்துகொண்டிருந்தது. பதிவாளர் செருப்பைக் கழற்றினார், பேண்ட்டை முட்டிவரைக்கும் சுருட்டினார்.

"எத்தனை குழி?" என்று கேட்டு, தானே இரண்டு விரலைக் காட்டினார்.

வெள்ளத்தாயி மூன்றைக் காட்டினாள், துண்டு இல்லாமல், எல்லார் கண்ணுக்கும் தெரிய.